முதல் புள்ளி டைரக்டர் சட்டையில்

ஒருவர் எதை ஆயுள் முழுக்க ஆராய்ச்சி செய்கிறாரோ, அது அவருக்குச் சுத்தமாக வராது என்பது என் அனுபவம். எனக்குத் தெரிந்த தூக்க ஆராய்ச்சியாளர் ஒருவர் மாத்திரை போட்டும் கொட்டக் கொட்ட விழித்திருப்பவர். ஞாபகசக்தியைப் பற்றிக் கனமான கட்டுரைகள் எழுதிய அம்மையார் ஒருவர் போகிற கருத்தரங்கிலெல்லாம் குடையை மறந்துவிட்டு வருவார் (ஒரு குடை இப்போதும் என் அலமாரியில்தான் இருக்கிறது). அந்த வரிசையில் எனக்கும் ஓர் இடம் உண்டு. மனிதனின் கைகால்கள் எப்படி அசைகின்றன, ஓர் அசைவை அவை எப்படிப் புதிதாகக் கற்றுக்கொள்கின்றன என்பது என் துறை. பாடம் நடத்துகிறேன், கட்டுரை எழுதுகிறேன், மேடையேறிப் பேசுகிறேன். ஆனால் ஒரு பொருளை இங்கிருந்து எறிந்து அங்கே விழவைக்கச் சொன்னால் என்னால் ஆகாது.

தாராவியில் எங்கள் வீடு மாடியில். கீழே வாப்பாவின் தோல்பைப் பட்டறை. கீழே நின்று யாராவது சாவி கேட்டால் வீட்டிலிருப்பவர்கள் சன்னல் வழியாக எறிவார்கள், அவர்களும் கையை நீட்டிப் பிடித்துக்கொள்வார்கள். நான் எறிந்தால் சாவி பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்குப் போய்விடும். என் அண்ணன் நிஜாம் காக்கா கூரையேறிச் சாவி பொறுக்கி அலுத்துப்போய், "ஷமீமா எறியக் கூடாது" என்று வீட்டில் ஒரு சட்டமே போட்டிருந்தான்.

அப்படிப்பட்ட நான், ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வில், கூடம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, எறிந்து காட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அதன் விளைவைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் நான் இந்தத் துறைக்கு வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். படித்தது பிசியோதெரபி. பயிற்சிக்காக ஒரு மருத்துவமனையில் இருந்தபோது, பக்கவாதம் வந்த ஒரு பெரியவருக்குக் கைப்பயிற்சி கொடுக்கும் வேலை என்னுடையது. "கையைத் தூக்குங்கள்" என்றால் அவர் கை அசையாது. முகம் சிவக்க முயல்வார், விரல்கூட நகராது. ஒருநாள் அவர் மடியோரம் வைத்திருந்த டீ கிளாஸ் சாய்ந்தது. அந்த அசையாத கை விருட்டென்று போய் கிளாஸைத் தாங்கிப் பிடித்தது. பிடித்ததைப் பார்த்து அவரே பயந்துபோனார். நான் சீனியரிடம் ஓடிப்போய், சொன்னால் கேட்காத கை, சொல்லாமலே எப்படிப் போனது என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, அது சிலபஸில் இல்லை என்றார். அது எந்த ஊர் சிலபஸில் இருக்கிறது என்று தேடிக்கொண்டு புறப்பட்டவள்தான். மேல்படிப்பு, பிறகு வெளிநாட்டில் டாக்டர் பட்டம், அங்கேயே சில வருடம் ஆராய்ச்சி என்று போய்விட்டது.

வீட்டில் யாருக்கும் நான் என்ன செய்கிறேன் என்று விளங்கவில்லை. கை ஆட்டுவதற்கு ஒரு படிப்பா என்று உம்மா கேட்டாள். சந்தில் எல்லோரும் என்னைக் கை டாக்டர் என்று முடிவுகட்டி, ஊருக்கு வந்தால் முழங்காலை நீட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தார்கள். (கை டாக்டரிடம் ஏன் முழங்காலைக் காட்டுகிறீர்கள் என்று கேட்டால், எல்லாம் மூட்டுத்தானே என்பார்கள்.)

ஓராண்டு உதவித்தொகை ஒன்று கிடைத்து மும்பைக்குத் திரும்பினேன். அது முடிகிற சமயத்தில், செம்பூரில் உள்ள ஒரு மறுவாழ்வு ஆராய்ச்சி நிலையத்தில் என் துறைக்கென்றே ஓர் ஆசிரியர் பணியிடம் வந்தது. மும்பையில் எனக்குத் தெரிந்து அப்படிப்பட்ட இடம் அது ஒன்றுதான். கிடைத்தால் வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் பெட்டியைக் கட்டிக்கொண்டு குளிர்தேசத்துக்கு விமானம் ஏற வேண்டும். வாப்பாவும் உம்மாவும் "போகாதே" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் உம்மா என் பெட்டியை எடுத்து, அதற்குள் வீட்டிலுள்ள கம்பளிகளையெல்லாம் திணித்து, கட்டிலுக்கு அடியில் எட்டாத மூலைக்குத் தள்ளிவிட்டாள். வாப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்றவர்களிடமெல்லாம் மகளுக்குச் செம்பூரில் வேலை ஆகிவிட்டது, இன்டர்வியூ சும்மா சாங்கியத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டார். இன்னும் இன்டர்வியூவே நடக்கவில்லை வாப்பா என்றேன். "நடக்காமலா போவும்" என்றார்.

நேர்முகத் தேர்வில் ஓர் உரை நிகழ்த்த வேண்டும். சும்மா படம் காட்டிப் பேசினால் தூங்கிவிடுவார்கள், ஒரு சோதனையை நேரிலேயே செய்து காட்டி அசத்துவோம் என்று எனக்கு ஆசை வந்தது. (ஆசை எங்கிருந்து வருகிறது என்பதையும் யாராவது ஆராயலாம்.)

சோதனை இதுதான். ஒரு விசேஷக் கண்ணாடி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் எதிரே இருக்கும் பொருளெல்லாம் வலப்பக்கம் தள்ளியிருப்பதுபோலத் தெரியும். அதோடு ஒரு குறியைப் பார்த்து எறிந்தால், எறிந்தது வலப்பக்கமாகப் போய் விழும். திரும்பத் திரும்ப எறிந்தால், கை தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் ஒதுங்கி எறியக் கற்றுக்கொண்டு குறியில் அடித்துவிடும். வேடிக்கை அதற்குப் பிறகுதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு எறிந்தால், கற்ற பாடத்தை மறக்காத கை இப்போதும் இடப்பக்கமே எறியும். எறிபவருக்குக் கண்ணாடி இல்லை என்பது நன்றாகத் தெரியும். கைக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்ததெல்லாம் நம் கைக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று காட்ட இதைவிட நல்ல சோதனை கிடையாது.

அங்குள்ள ஒரு மாணவரைக் கூப்பிட்டுக் கண்ணாடி மாட்டி எறியவைப்பது என் திட்டம். நிலையத்திலிருந்து பதில் வந்தது. மனிதர்களை வைத்துச் சோதனை செய்ய அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும், அது கூடி முடிவெடுக்க மாதங்கள் ஆகும், ஆனால் தாங்கள் தங்கள்மீதே செய்துகொள்வதில் ஆட்சேபம் இல்லை என்று. என்னை மனிதர்கள் கணக்கில் சேர்க்கவில்லை என்று தெரிந்தது. சரி, நானே எறிகிறேன் என்று பதில் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் யார் எறியப்போகிறார்கள் என்பது எனக்கு உறைத்தது.

எறிந்தது எங்கே பட்டது என்று தூரத்திலிருப்பவர்களுக்கும் தெரிய வேண்டுமே. அதற்கு ஒரு யோசனை செய்தேன். வெள்ளை சார்ட் தாளைச் சுவரில் ஒட்டி நடுவில் ஒரு கறுப்பு வட்டம். எறிவதற்கு, மெல்லிய மல் துணியில் ஹோலிக்கு வாங்கும் ரோஸ் குலால் பொடியை வைத்துக் கட்டிய முடிச்சுகள். பட்ட இடத்தில் பட்டென்று ஒரு ரோஸ் வட்டம் விழும். உம்மா உட்கார்ந்து முடிச்சுகளைக் கட்டிக் கொடுத்தாள். பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு மகள் கடைசியில் ஹோலிப் பொடிக்கு வந்து நிற்கிறாளே என்று அவள் நினைத்திருப்பாள். கேட்கவில்லை.

பட்டறைச் சுவரில் சார்ட்டை ஒட்டி ஒத்திகை பார்த்தோம். கண்ணாடி இல்லாமல் முதலில் சில முறை எறிந்தேன். ஒன்று சுவருக்குப் போனது, ஒன்று மேலே மின்விசிறிக்கு, ஒன்று தோல் சுருளுக்கு நடுவே போய் மாயமாகிவிட்டது. காக்கா தைத்துக்கொண்டிருந்த பையைக் கீழே வைத்தான்.

"ஏளா, கண்ணாடி போட்டாலும் போடாட்டியும் ஒனக்கு எறியத் தெரியாது. இதுல எது கண்ணாடியால போச்சு, எது ஒன்னால போச்சுன்னு அவனுவ எப்படிக் கண்டுபிடிப்பானுவ?"

எனக்குச் சுருக்கென்றது. சரியாக எறிபவர் தவறினால்தான் அது சோதனை. தவறுவதே தொழிலாக இருப்பவர் தவறினால் அதில் என்ன இருக்கிறது? அன்றிலிருந்து பயிற்சியில் இறங்கினேன். கண்ணாடி இல்லாமல் எறிந்தேன், கண்ணாடியோடு எறிந்தேன், மறுபடி கண்ணாடி இல்லாமல் எறிந்தேன். பட்டறையே ரோஸ் நிறமானது. அந்த வாரம் மாஹிமுக்கு அனுப்பிய கறுப்புப் பைகளில் ரோஸ் படிந்திருப்பதாக வியாபாரி போன் செய்தார். புது டிசைன் என்று வாப்பா சமாளித்துவிட்டார்.

அதிசயம் என்னவென்றால், எனக்கு எறிய வந்துவிட்டது. பிறவியிலேயே இல்லை என்று நினைத்திருந்த ஒன்று வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதிலும் கண்ணாடியோடு எறிவதில்தான் ருசி அதிகம். காக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், பால்காரருக்குக்கூடக் காட்டினேன். இன்டர்வியூ அன்று காலையிலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒன்றுகூடத் தப்பாமல் வட்டத்துக்குள் எறிந்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அசைவுக் கற்றலில் டாக்டர் பட்டம் வாங்கிய நான் ஒன்றை மறந்துவிட்டேன். அந்தச் சோதனைக்கு உயிரே, கண்ணாடி போட்ட முதல் எறியில் தவறுவதுதான். உடம்பு ஒரு முறை நன்றாகக் கற்றதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், மறுமுறை கேட்டால் உடனே எடுத்துக் கொடுத்துவிடும் என்று நானே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன். எழுதியது தெரியும், அதை நம் வீட்டுப் பட்டறையோடு சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

காக்காதான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனான். சார்ட் சுருளை நான் குறுக்காகப் பிடித்திருந்ததால் சயான் சிக்னலில் இரண்டு பக்கத்து ஆட்டோக்காரர்களிடமும் ஒரே சமயத்தில் திட்டு வாங்கினோம். காக்கா கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டான். டென்ஷன் லேனே கா நஹி என்று இந்தியில் தைரியம் சொன்னான். (எங்கள் வீட்டில் கவலையைத் தமிழிலும் தைரியத்தை இந்தியிலும் சொல்வது வழக்கம்.)

கூடத்தில் முன்வரிசையில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் குல்கர்னி மேடம், எலும்பு டாக்டர், வெளியிலிருந்து வந்த நிபுணர். இன்னொருவர் டைரக்டர் டாக்டர் சேகர். மும்பையில் சேகர் என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் எந்த ஊர்க்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஆங்கிலம் தவிர வேறெதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. வெளுத்த வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டு இஸ்திரி செய்தது. பிற்பகலில் நிலையத்தின் அறங்காவலர் கூட்டம் இருக்கிறது, சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். பின்னால் மாணவர்களும் ஆசிரியர்களும்.

பேச்சு நன்றாகத்தான் போனது. பிறகு, கண்ணாடி போட்டதும் நான் எவ்வளவு மோசமாகத் தவறப்போகிறேன் என்று பாருங்கள் என்று பெருமையாக அறிவித்துவிட்டு, கண்ணாடியை மாட்டி எறிந்தேன்.

நடு வட்டத்தில் பட்டது.

மாணவர்கள் கைதட்டினார்கள். முதலாவது தற்செயல் என்று சொல்லி இரண்டாவதை எறிந்தேன். அதுவும் நடு வட்டம். மூன்றாவதும். வாழ்நாளெல்லாம் குறி தப்பிக்கொண்டிருந்ததே, தப்ப வேண்டிய இன்றைக்கா இந்தக் கைக்கு ஞானம் பிறக்க வேண்டும் என்று எனக்கு அழுகை முட்டியது. இருந்த முடிச்சையெல்லாம் எறிந்தேன். பொறுக்கி வந்து மறுபடியும் எறிந்தேன். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே இடத்தில். அம்பெய்யும் போட்டியாக இருந்தால் தங்கப் பதக்கம் கொடுத்திருப்பார்கள்.

டைரக்டர் எழுந்து சார்ட்டின் பக்கத்தில் வந்து பார்த்தார். அவர் அடிப்படையில் பொறியாளர், இயந்திரக் கைகள் செய்தவர். நீங்கள் சொன்ன தவறு எங்கே என்று கேட்டார். வீட்டில் அதிகமாகப் பயிற்சி எடுத்துவிட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். சிரிப்பு எழுந்தது. தவறு இப்போது தெரியாது சார், கண்ணாடியைக் கழற்றினால் தெரியும், இடப்பக்கம் போகும் என்றேன்.

அவர் நம்பவில்லை. இயந்திரக் கையில் ஒரு பிசகு இருந்தால் அதைக் கணக்கில் சொல்லித் திருத்திவிடுகிறோம், அதோடு தீர்ந்தது. மனிதனுக்கு மூளை வேறு இருக்கிறது. கண்ணாடி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், இடப்பக்கம் போகும் என்பதும் தெரியும், இவ்வளவும் தெரிந்த ஒருவர் ஏன் தவற வேண்டும் என்று கேட்டார். தெரிவதால் மட்டும் பயன் இல்லை சார், கை கேட்காது என்றேன். அப்படியானால் நான் இங்கேயே நிற்கிறேன் என்று சார்ட்டுக்கு இடப்பக்கமாகப் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். இடப்பக்கம் எறியாமலிருக்க உங்களுக்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது, முழு அறிவோடு எறியுங்கள் என்றார்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முடிச்சைக் கையில் எடுத்தேன். அந்தக் கணத்தில் எனக்கிருந்த நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது. எறி சரியாகக் குறியில் பட்டால், இத்தனை வருடம் நான் படித்த கோட்பாடு எல்லோர் முன்னாலும் தோற்றுவிடும், வேலை போய்விடும். கோட்பாடு ஜெயித்தால், டைரக்டர்மேல் படும், அப்போதும் வேலை போய்விடும். குளிர்தேசத்து விமானம் இரண்டு பக்கமும் நின்றது. கடைசியில், டைரக்டரைக் காப்பாற்றுவதே மனிதத்தன்மை என்று முடிவு செய்தேன். வட்டத்தை உற்றுப் பார்த்து, மனதுக்குள் "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டே, என் முழு அறிவையும் திரட்டி எறிந்தேன்.

பலமுறை எறிந்து தளர்ந்திருந்த முடிச்சு அது. டைரக்டரின் நெஞ்சில் பட்டு அவிழ்ந்தது.

ரோஸ் புகையாக எழுந்து அவரை மறைத்தது. என் ஆங்கிலமெல்லாம் எங்கோ ஓடிவிட, வீட்டில் பேசுகிற பேச்சு தானாக வாயில் வந்தது.

"யா அல்லாஹ், மூஞ்சிலயா போட்டுட்டேன்?"

புகைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"மூஞ்சில இல்லம்மா. நெஞ்சுல."

புகை அடங்கியது. நெஞ்சு முழுக்க ரோஸ், தாடையிலும் கொஞ்சம். கண்ணை மூடித் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ திருநெல்வேலிப் பக்கமா?"

"தாராவி சார்."

"நான் மாட்டுங்கா," என்றார். பிறகு குனிந்து தன் சட்டையைப் பார்த்தார், திரும்பிக் கறுப்பு வட்டத்தைப் பார்த்தார், இரண்டுக்கும் நடுவே இருந்த தூரத்தைக் கண்ணாலேயே அளந்தார். ஒரு பியூன் துணியோடு ஓடி வந்தார். டைரக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தட்டாதீங்கோ. யாரும் கிட்ட வராதீங்கோ. இன்னொண்ணு எறியட்டும்."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. இப்போது நிச்சயமாகச் சரியாக எறிய வேண்டும் என்றார். நானும் அதைத்தான் விரும்பினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு எறிந்தேன். சார்ட்டை ஒட்டி இருந்த அவருடைய இடது கைச்சட்டையில் பட்டது. அடுத்தது சார்ட்டின் ஓரத்தில். அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம் உள்ளே. நெஞ்சில் தொடங்கி, கையில் ஏறி, தாளுக்கு மாறி, அடிமேல் அடியாக வட்டத்தை நோக்கி ரோஸ் புள்ளிகள் வரிசையாக வந்து சேர்ந்தன. கை தான் கற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடுவது இப்படி ஒரு கோடாக, அழகாக, சுவரில் விழுந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வெளிநாட்டு ஆய்வகத்தில் விலையுயர்ந்த கேமராக்களை வைத்துக்கொண்டு திண்டாடியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

குல்கர்னி மேடம் கோட்டுப் பையிலிருந்து அளவுநாடாவை எடுத்துக்கொண்டு எழுந்தார். வட்டத்தின் நடுவிலிருந்து டைரக்டரின் நெஞ்சுவரை நாடாவைப் பிடித்து, மூச்சு விடாதீர்கள் சார், அளவு மாறுகிறது என்று இந்தியில் அதட்டினார். மணி பார்த்த டைரக்டர் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று நகரப் பார்த்தார். எனக்கு அதற்குள் பயமெல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது. கையை நீட்டி அவரை நிறுத்தினேன்.

"சார், போகாதீங்க. முதல் ரெண்டு புள்ளி உங்க மேலதான் இருக்கு."

அவர் நின்றார். மேடம் அளந்து முடிக்கும்வரை, போட்டோ ஸ்டூடியோவில் நிற்கும் மாப்பிள்ளைபோல ஆடாமல் அசையாமல் நின்றார்.

பிறகு நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். அறையில் வேறு சட்டை இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று உதவியாளர் சொல்லியிருக்கிறார். இதை மாற்றிவிட்டால் நான் அங்கே எதைக் காட்டுவது என்று கேட்டுவிட்டு, அப்படியே அறங்காவலர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். வரவு செலவு பேச வந்தவர்கள் முன்னால் ரோஸ் நெஞ்சோடு நின்று, பக்கவாதம் வந்தவர்களுக்கு ஏன் வாயால் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது, கைக்கு ஏன் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று விளக்கியிருக்கிறார். நெடுநாளாக இழுத்துக்கொண்டிருந்த அசைவு ஆய்வகத்துக்கு அன்றைக்கே ஒரு பெரிய அறையை ஒதுக்கிவிட்டார்கள்.

நான் வராந்தாவில் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டம் முடிந்து வந்தவர், எப்போது சேருகிறாய் என்று கேட்டார். முறைப்படியான கடிதம் பிறகுதான் வந்தது. ஆனால் எனக்கு வேலை கிடைத்தது அந்த வராந்தாவில்தான். எழுந்து நிற்கப் பார்த்தேன், வெகுநேரம் உட்கார்ந்திருந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டிருந்தது. (எங்கள் சந்துக்காரர்களின் வேதனை அப்போது புரிந்தது.) உட்கார்ந்தபடியே, நாளைக்கே சார் என்றேன்.

இவ்வளவு மகிழ்ச்சியோடு வெளியே வந்தால், காக்கா முகம் வெளிறிப்போய் நின்றான். அவன் டீக்கடையிலிருந்து பார்த்தபோது, உடம்பெல்லாம் ரோஸ் பொடியோடு ஒரு பெரிய மனிதர் முற்றத்தைக் கடந்து போயிருக்கிறார். யார் என்று வாட்ச்மேனிடம் கேட்டிருக்கிறான். டைரக்டர் சாப், இன்டர்வியூவுக்கு வந்த மேடம் அடித்துவிட்டார் என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். காக்கா உடனே வாப்பாவுக்குப் போன் போட்டு, ஷமீமா டைரக்டரை அடித்துவிட்டாள் என்ற அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டு, போலீஸ் வருகிறதா என்று கேட்டைப் பார்த்தபடி ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்திருந்தான். எனக்கு வேலை கிடைத்துவிட்டது என்றேன். முதலில் வண்டியில ஏறு, அதையெல்லாம் வீட்டுல பேசிக்கலாம் என்றான்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் செய்தி சந்து முழுக்கப் போயிருந்தது. உம்மா தொழுகை விரிப்பை, முஸல்லாவை, விட்டு எழவில்லை. பட்டறையில் ஆறுதல் சொல்ல ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வாப்பா ஒருவர்தான் கலங்காமல் இருந்தார். காரணமில்லாமல் என் மகள் யாரையும் அடிக்க மாட்டாள், அந்தாள் என்ன கேட்டானோ என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வேலை கிடைத்ததைச் சொன்னேன். உம்மா எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். விட வெகுநேரம் ஆனது. பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, கம்பளிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து உதறினாள்.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆய்வகம் வளர்ந்துவிட்டது. பக்கவாதம் வந்தவர்கள் வருகிறார்கள், கை கற்றுக்கொள்ளும் முறையில் கற்றுக்கொடுக்கிறோம், பலர் கிளாஸை ஏந்திக் குடிக்கிறார்கள், சட்டைப் பொத்தான் போடுகிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் புது மாணவர்களுக்கு முதல் வகுப்பு அந்தச் சோதனைதான். டாக்டர் சேகர் ஓய்வுபெற்ற பிறகும் ஒரு முறை மாட்டுங்காவிலிருந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, சார்ட்டுக்கு இடப்பக்கம் நின்றார். மாணவர்கள் தயங்கினார்கள். அவரே முடிச்சுகளை எடுத்துக் கொடுத்து எறியச் சொன்னார்.

வீட்டில்தான் என் விஞ்ஞானம் எடுபடவில்லை. கல்யாணம், பிள்ளைக்குப் பெயர் வைக்கும் அகீகா என்று எந்த விசேஷத்தில் நாலு பேர் கூடினாலும் வாப்பா இந்தக் கதையை எடுத்துவிடுவார். அவர் கதையில் கண்ணாடி இல்லை, கோட்பாடு இல்லை. டைரக்டர் ஏதோ எகத்தாளமாகக் கேட்கிறார், நான் சாயப்பொடியை எடுத்துக் குறிபார்த்து நெஞ்சில் ஒன்று வைக்கிறேன், அவர் பயந்துபோய் வேலையைக் கொடுக்கிறார். போன பெருநாளைக்கு அம்பர்நாத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் முன்னால் அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தாளை எடுத்து வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, கண்ணாடி எப்படிப் பார்வையைத் திருப்புகிறது, கை எப்படி ஏமாறுகிறது என்று பொறுமையாக முதலிலிருந்து விளக்கினேன். நான் அவரை அடிக்க நினைக்கவே இல்லை வாப்பா, அடிக்கக் கூடாது என்றுதான் எறிந்தேன், அதுதான் அந்தச் சோதனையின் முழு அர்த்தமும் என்றேன். வாப்பா கடைசிவரை தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும் என் தோளில் தட்டிவிட்டு, சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பிள்ள அப்படித்தான் சொல்லணும். இன்னும் அங்கதான வேல பாக்குறா."